எச்ஆர் வேலைக்குப் போகிறேன், ஆனால் எந்த எச்ஆர்?

பொங்கோல்காரி | செவ்வாய் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வயது 26. பாலிடெக்னிக் முடித்து மூன்று வருடமாகச் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் அட்மின் வேலை பார்க்கிறேன். லீவு ஃபாரம் வாங்கி அடுக்குவது, புதிதாக வருபவர்களுக்கு லாக்கர் சாவி கொடுப்பது என்று எச்ஆர், அதாவது மனிதவள வேலையை வாசலில் நின்று பார்த்த அனுபவம்தான். இப்போது உள்ளே போக இரண்டு வாய்ப்பு வந்திருக்கிறது.

ஒன்று, உபி வட்டாரத்தில் 45 பேர் வேலை பார்க்கும் நிறுவனம். பதவி 'எச்ஆர் எக்ஸிகியூட்டிவ்'. எச்ஆர் என்று அங்கே வேறு ஆளே கிடையாது. சம்பளம் 3,200 வெள்ளி (டாலர்). மற்றது சாங்கி பிசினஸ் பார்க்கில் பெரிய வெளிநாட்டு நிறுவனம். 'டேலண்ட் அக்விசிஷன் கோஆர்டினேட்டர்' (ஆள் எடுக்கும் பிரிவில்), ஒரு வருட கான்ட்ராக்ட், 3,550 வெள்ளி.

அம்மாவிடம் சொன்னேன். "எச்ஆர்னா ஆள எடுக்கிறவங்களா, ஆள அனுப்புறவங்களா?" என்று கேட்டார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள், உங்கள் மேசைக்கு நிஜமாக என்ன வருகிறது என்று சொல்லுங்களேன். விளம்பரத்தில் போடும் வாசகங்கள் வேண்டாம், அதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

மாதம்25 | செவ்வாய் இரவு 10.15

தங்கச்சி, அந்த 350 வெள்ளி வித்தியாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வை. நான் 19 வருடமாகப் பேரோல், அதாவது சம்பளம் போடும் வேலை. என் பேரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், எனக்கு மாதம் என்பது 25ஆம் தேதியைச் சுற்றித்தான்.

பேரோல் என்றால் பட்டனைத் தட்டினால் சம்பளம் போய்விடும் என்று பலருக்கு நினைப்பு. கணக்கை மென்பொருள் போடும், சரி. அதற்குள் எதைப் போடுவது என்று யார் சொல்வது? நேர்கோட்டில் போகிற ஆளை எடுத்துக்கொள். 3,000 வெள்ளி சம்பளம், 55 வயதுக்குள், குடிமகன். அவர் பங்கு சிபிஎஃப் (மத்திய சேம நிதி) 20 விழுக்காடு, 600. நிறுவனத்தின் பங்கு 17 விழுக்காடு, 510. நம்மவர் என்றால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 7 பிடிக்க வேண்டும். திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 விழுக்காடு, 7.50. இது நிறுவனத்தின் பணம், ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. அவர் வங்கிக்குப் போவது 2,393. சின்னப்பிள்ளையும் போடலாம்.

ஆனால் 45 பேரில் எல்லாரும் நேர்கோட்டில் போக மாட்டார்கள். ஒருவர் 12ஆம் தேதி சேர்ந்திருப்பார். ஒருவருக்குப் போன மாதம் 55 முடிந்திருக்கும், இந்த மாதத்திலிருந்து விகிதம் மாறும். ஒருவர் நிரந்தரவாசியாகி இரண்டாம் வருடம் நடக்கும், அவருக்கு வேறு விகிதம், மூன்றாம் வருடத்தில்தான் முழுசு. ஒரு தம்பி ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போயிருப்பார். இன்னொருவர் சம்பளமில்லா லீவு எடுத்துவிட்டு ஃபாரத்தை 26ஆம் தேதி கொண்டுவந்து நீட்டுவார். இதற்கு நடுவில் அரசாங்கமும் எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும். சிபிஎஃப் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 2023 ஆகஸ்ட் வரை 6,000. அப்புறம் 6,300, 6,800, 7,400 என்று ஏறி 2026 ஜனவரியில் 8,000 ஆனது. ஒவ்வொரு படியிலும் "ஏன் எனக்குக் கையில் குறைஞ்சிருக்கு?" என்று போன் வரும்.

ஒரு கதை சொல்கிறேன், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். பல வருடம் முன்பு இரவு ஷிஃப்ட் அலவன்ஸுக்கு ஒரு குறியீடு மாறியதை நான் கவனிக்கவில்லை. ஒரு முழு ஷிஃப்டுக்கும் அந்தத் தொகை விழவில்லை. வெள்ளிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை காலையிலிருந்து போன். திங்கட்கிழமை கேன்டீனில் என் மேசையில் ஒருத்தரும் உட்காரவில்லை. பணத்தை இரண்டே நாளில் போட்டுவிட்டோம். ஆனால் அந்தச் சாப்பாட்டு நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

என் பேச்சு ஒன்றுதான். சம்பளச் சீட்டில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் எச்ஆரில் எங்கும் போகலாம். அது தெரியாமல் மேலே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் நன்றாகப் பேசுவார்கள்.

கோப்பி_ஓ | செவ்வாய் இரவு 11.02

அண்ணன் எல்லாரையும் பேரோலுக்குள் இழுக்கப் பார்க்கிறார் :) நான் ஆள் எடுக்கிற பக்கம். எட்டு வருடம். நான்கு வருடம் ஏஜென்சி, நான்கு வருடம் நிறுவனத்துக்குள்ளே.

முதலில் ஒன்று. கோஆர்டினேட்டர் வேறு, ரெக்ரூட்டர் வேறு. கோஆர்டினேட்டர் மேசைக்கு வருவது காலண்டர். லண்டனில் இருக்கும் மேலாளர், இங்கே இருக்கும் இரண்டு பேர், வேலை தேடுபவர், நான்கு பேரையும் ஒரு மணி நேரத்தில் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். அதில் ஒருவர் கடைசி நிமிடத்தில் வரமாட்டேன் என்பார். திரும்ப முதலிலிருந்து. கேவலமான வேலை இல்லை, ஆனால் யாரை எடுப்பது என்று உன்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

ரெக்ரூட்டரிலும் இரண்டு சாதி. ஏஜென்சியில் இருப்பவர் விற்பனையாளர். மனிதவள அமைச்சிடம் ஏஜென்சிக்கு லைசென்ஸ், நமக்குத் தனியாகப் பதிவு எண். ஆள் சேர்ந்தால்தான் காசு. மாத முடிவில் வெள்ளைப் பலகையில் உன் பேருக்கு நேரே ஓர் எண் இருக்கும், பூஜ்யமாக இருந்தால் கோப்பி குடிக்கக்கூட வெளியே போகத் தோன்றாது. நிறுவனத்துக்குள் இருப்பவருக்கு அந்தப் பயம் இல்லை, பதிலாக மேலாளர்கள் இருக்கிறார்கள். பத்து வருட அனுபவம், இருபத்தைந்து வயது, சம்பளம் நாலாயிரம், திங்கட்கிழமை வேண்டும் என்பார்கள். "அப்படி ஆள் இல்லை சார்" என்று மரியாதை குறையாமல் சொல்வதில்தான் பாதி வேலை.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) ஆள் எடுப்பதென்றால் அது தனிப் படிப்பு. மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் 28 நாள் விளம்பரம் போட வேண்டும், அப்புறம் கம்பாஸ் என்ற தகுதிப் புள்ளிமுறையில் 40 வேண்டும்.

தனிமரம் | புதன் காலை 7.50

கோப்பி, 28 நாள் பழைய கணக்கு. 2023 செப்டம்பரிலிருந்து திரும்ப 14 நாள். கம்பாஸ் ஆரம்பித்த அதே மாதம்.

கோப்பி_ஓ | புதன் காலை 8.05

ஆமாம், மன்னிக்கவும். மாதம் 22,500க்கு மேல் வாங்கும் பெரிய ஆட்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர்களுக்கு விளம்பரமும் வேண்டாம் கம்பாஸும் வேண்டாம். கை மறந்துபோச்சு.

தனிமரம் | புதன் மதியம் 12.40

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கோல்காரி, உபி வேலை மாதிரியே ஒரு வேலையில்தான் நான் ஆறு வருடமாக இருக்கிறேன். 38 பேர், எச்ஆர் நான் ஒருத்திதான். அதனால்தான் இந்தப் பேர்.

இன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? ஒரு எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) புதுப்பிப்பு. ஒருவரின் மருத்துவச் சான்றிதழ் கிளினிக் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்திருந்தது, அதைப் பற்றி விசாரணை. முதலாளியின் மச்சானுக்கு வேலை விளக்கம் எழுதினேன் (அவர் என்ன வேலை செய்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை). தண்ணீர் மெஷின் ஆளுக்கு போன். தீபாவளி விருந்துக்கு எத்தனை சைவம் என்று கணக்கு. இது எல்லாம் எச்ஆர்.

கோட்டாவை விட்டுவிடக் கூடாது. உள்ளூர் ஊழியர்கள் எத்தனை பேரோ அதைப் பொறுத்துத்தான் எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டு எத்தனை எடுக்கலாம் என்பது. சேவைத் துறையில் எஸ் பாஸுக்கு 10 விழுக்காடு, வெளிநாட்டவர் எல்லாரையும் சேர்த்தால் 35. உள்ளூர்க்காரர் இரண்டு பேர் ஒரே மாதத்தில் வேலையை விட்டால் புதுப்பிக்க வேண்டிய ஒரு பாஸ் ஆட்டம் காணும். ராஜினாமா கடிதம் கொடுப்பவரிடம் "ஏன் போறீங்க?" என்று நான் கேட்கும்போது அதில் கொஞ்சம் சுயநலமும் இருக்கும்.

பதவிப் பேரைப் பார்த்து ஏமாறாதே என்பதற்கு என் அனுபவம் ஒன்று. முந்தைய இடத்தில் ஸ்டோரில் ஓர் அங்கிள். மூட்டை தூக்குவார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், 2,400 சம்பளம், ஓவர்டைம் நிறைய. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு ஸ்டோர் எக்ஸிகியூட்டிவ் என்று கடிதம் அடி, எக்ஸிகியூட்டிவுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டாமே" என்றார். கடிதத்தில் பேரை மாற்றினால் சட்டம் மாறாது. என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு. உடல் உழைப்பு வேலை என்றால் மாதச் சம்பளம் 4,500 வரை, மற்றவர்களுக்கு 2,600 வரை ஓவர்டைம் உண்டு, ஒன்றரை மடங்கு. இதை அவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரலை உயர்த்தினார். நான் அந்தக் கடிதத்தை அடிக்கவில்லை. கொஞ்ச நாளில் நான் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஆக, தனியாக இருந்தால் சீக்கிரம் எல்லாம் கற்றுக்கொள்வாய். தப்பு செய்தால் சொல்லித்தர ஆள் இருக்காது, அதுதான் பயம். மாதம்25 அண்ணனுக்கு அப்போது மேலே ஒருவர் இருந்திருப்பார். உனக்கு இருக்க மாட்டார்.

பொங்கோல்காரி | புதன் மாலை 6.30

அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அந்த அங்கிள் கதை மனசில் நிற்கிறது. என் அப்பாவும் ஸ்டோரில்தான் வேலை பார்த்தார்.

ஷிப்யார்டு தம்பி | புதன் இரவு 8.20

நான் எச்ஆர் இல்லை. எச்ஆர் கவுன்டருக்கு முன்னால் நிற்கிற ஆள். ஊர் பட்டுக்கோட்டை பக்கம், இங்கே எஸ் பாஸ். எழுதலாமா?

போன கம்பெனியை விட்டு ஊருக்குப் போகும்போது கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். மெயில் இங்கிலீஷில் வந்தது, "ஐஆர்21" என்று மட்டும் புரிந்தது. ரூமில் எல்லாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டோம். கவுன்டரில் போய்ச் சத்தம் போட்டேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு தமிழ் அக்கா வந்து, உட்காரச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். வெளிநாட்டு ஆள் வேலையை விட்டால் வரிக்கணக்கு முடிகிற வரைக்கும் கம்பெனி பணத்தைப் பிடித்துவைக்க வேண்டும், அது சட்டமாம். வரி போக மீதி வந்தது. பத்து நிமிஷப் பேச்சு, எனக்கு இரண்டு வாரத் தூக்கம் திரும்பக் கிடைத்தது.

அந்த அக்காவுக்கு என்ன பதவி என்று தெரியாது. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'அசிஸ்டென்ட்' என்று இருந்தது.

மாதம்25 | புதன் இரவு 8.45

தம்பி, அந்த அக்கா சொன்னது சரிதான். வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பே நிறுவனம் அந்த ஐஆர்21 படிவத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். ராஜினாமா செய்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து கொடுக்க வேண்டிய பணத்தைப் பிடித்துவைக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்த வரி நிறுவனத்தின் தலையில் விழும். கடிதம் கொடுத்த அன்றே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் ஆட்களின் தவறு.

வேறு யாருக்காவது நிஜமாகவே சம்பளம் வராமல் இருந்தால், வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டிருந்தால் 6 மாதத்துக்குள் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டிஏடிஎம்மிடம் போக வேண்டும். நாள் தாண்டவிடாதீர்கள்.

ஈசூன் வாத்தியார் | புதன் இரவு 9.30

எல்லாம் சரி. ஆனால் எச்ஆர் எப்போதும் முதலாளி கட்சி. சிரித்துக்கொண்டே வந்து கடிதத்தை நீட்டுவார்கள். என்னை 2020இல் அனுப்பிய அம்மையாரின் பதவி 'பீப்பிள் பார்ட்னர்'. எந்த பீப்பிளுக்குப் பார்ட்னர் என்று இன்னும் யோசிக்கிறேன்.

பாதிவழி | வியாழன் அதிகாலை 12.15

வாத்தியாருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான் போலிருக்கிறது. எச்ஆர் பிசினஸ் பார்ட்னர் என்ற அட்டையோடு ஒன்பது வருடம் இருந்தேன்.

இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று முதலில். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச், எச்ஆர் வெறும் காகித வேலை பார்க்கக் கூடாது, வியாபாரத்தை நடத்துபவர்களோடு உட்கார வேண்டும் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பெரிய நிறுவனங்கள் எச்ஆரை மூன்றாகப் பிரித்தன. காகித வேலை ஒரு பொதுச் சேவை மையத்துக்குப் போனது, அது வேறு நாட்டில்கூட இருக்கும். சம்பள விகிதம், பயிற்சி போன்றவற்றுக்குத் தனித்தனி நிபுணர்கள். ஒவ்வொரு பிரிவுத் தலைவருக்குப் பக்கத்திலும் ஒரு பார்ட்னர். சாங்கி நிறுவனம் அநேகமாக இந்த அமைப்பில்தான் இருக்கும். அங்கே பேரோல் பார்ப்பவரை நீ நேரில் சந்திக்காமலேயே கான்ட்ராக்ட் முடிந்துபோகலாம்.

நல்ல நாளில் பார்ட்னர் வேலை என்ன? விற்பனைத் தலைவர் வந்து, "எனக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும்" என்பார். "போன வருடம் எடுத்த ஆறில் நான்கு பேர் போய்விட்டார்கள், ஏன் என்று பார்த்தீர்களா?" என்று கேட்பது. அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டால் அன்று எனக்குச் சம்பளம் செரித்தது. அப்புறம் கெட்ட நாள். ஆட்குறைப்பு. யார் யார் என்ற பட்டியல் எனக்கு மூன்று வாரம் முன்பே தெரியும், தினமும் அவர்களோடுதான் லிஃப்டில் ஏறுவேன். அறை பதிவு செய்ய வேண்டும், கடிதம் தயாரிக்க வேண்டும், ஊழியரிடம் சொன்ன பிறகு 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் (குறைந்தது 10 பேர் இருக்கும் நிறுவனம் எல்லாம் தெரிவிக்கத்தான் வேண்டும்). மேசையில் டிஷ்யூ பெட்டி வைக்கலாமா வேண்டாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். வைத்தால் அழப்போகிறார் என்று முன்பே முடிவு செய்த மாதிரி இருக்கும்.

முதலாளி கட்சியா என்றால், ஆமாம், எனக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். அதை மறைத்து நண்பன் வேஷம் போட்டதுதான் எங்கள் மேல் உள்ள கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே, "இவருக்கு நோட்டீஸ் காலம் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், இந்த அம்மா மகப்பேறு லீவில் இருக்கிறார், பட்டியலிலிருந்து எடுங்கள்" என்று சொல்ல முடிந்தால் நான் ஏதோ வேலை பார்த்தேன் என்று அர்த்தம். அது வெளியே யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததே, முன்பு நான்கு வருடம் பேரோலில் குப்பை கொட்டியதால்தான். இந்த இடத்தில் மாதம்25 சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

ஈசூன் வாத்தியார் | வியாழன் காலை 7.10

டிஷ்யூ பெட்டி இருந்தது. நான் எடுக்கவில்லை. பதிலுக்கு நன்றி.

கோப்பி_ஓ | வியாழன் காலை 9.00

மற்றப் பதவிகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், பிள்ளை கேட்டிருக்கிறாள். காம்ப் அண்ட் பென் என்பார்கள்: சம்பளப் படிநிலை, போனஸ், காப்புறுதி. எக்செல் பிடித்தவர்களுக்குச் சொர்க்கம். 13ஆம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் என்று வருடா வருடம் விளக்குவதும் அவர்கள்தான். எல் அண்ட் டி: பயிற்சி, அதற்கான மானியம். தொழிற்சங்கம் உள்ள இடங்களில் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் என்று தனி ஆள், அவர்கள் பெரும்பாலும் நரைத்த தலை, கோபமே வராது. பிறகு எல்லாருக்கும் மேலே இயக்குநர். அவர் என்ன செய்கிறார் என்பது எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஎச்ஆர்பி என்ற மனிதவள நிபுணர் கழகம் இருக்கிறது, 2016இல் தொடங்கியது. முதல் படிக்கு என்ன தகுதி என்று பார்த்துக்கொள். அவசரம் ஒன்றும் இல்லை.

தனிமரம் | வியாழன் மதியம் 1.05

இரண்டு இடத்துக்கும் போன் போட்டு மூன்று கேள்வி கேள். முன்பு இருந்தவர் ஏன் போனார்? முதல் மாதக் கணக்கை யார் சரிபார்ப்பார்? 25ஆம் தேதி என் மேசையில் என்ன இருக்கும்?

பொங்கோல்காரி | அடுத்த திங்கள் இரவு 8.55

மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டேன். சாங்கியில் பேசியவர் நல்ல மாதிரி. 25ஆம் தேதி என்ன இருக்கும் என்றதற்கு, "மற்ற நாள் மாதிரிதான், இன்டர்வியூ ஷெட்யூல்" என்றார். கான்ட்ராக்ட் முடிந்தால் என்ன என்றதற்குப் பதில் வரவில்லை.

உபியில் முதலாளியே போனை எடுத்தார். முன்பு இருந்த அக்காவுக்கு இரட்டைக் குழந்தை, வீட்டில் இருக்கப் போகிறாராம். இரண்டு மாதச் சம்பளம் முடியும்வரை சனிக்கிழமை வந்து என்னோடு உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார், அதற்கு முதலாளி தனியாகப் பணம் கொடுக்கிறார். அந்த அக்கா நம்பரையும் கொடுத்தார். நானும் பேசிப் பார்த்தேன். "முதலாளி கத்துவார், ஆனா கேப்பார்" என்றார்.

உபிக்கே போகிறேன். அம்மாவிடம், ஆளை எடுக்கிறதும் நான்தான், அனுப்புறதும் நான்தான், தண்ணீர் மெஷினும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

மாதம்25 | திங்கள் இரவு 9.20

நல்லது. மாத நடுவில்தானே சேர்கிறாய்? அப்படியானால் உன் முதல் சம்பளத்தை நீயே போட்டுக் காட்டு. மாதத்தில் 22 வேலை நாள், நீ வேலை பார்ப்பது 12 நாள் என்று வைத்துக்கொள். மென்பொருளைத் தொடக் கூடாது.

பொங்கோல்காரி | திங்கள் இரவு 9.50

3,200ஐ 22ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் 1,745.45. சிபிஎஃப் என் பங்கு 20 விழுக்காடு 349.09, அதில் காசை விட்டுவிட வேண்டும் என்று படித்தேன், ஆக 349. சிண்டா 7. கையில் வருவது 1,389.45. சரியா அண்ணா?

மாதம்25 | திங்கள் இரவு 9.58

சிபிஎஃப் சரி. காசை விட்டாயே, அதில்தான் பாதிப்பேர் சறுக்குவார்கள். சிண்டா 5. அந்த மாதம் நிஜமாக வரும் 1,745க்குத்தான் பார்க்க வேண்டும், கடிதத்தில் இருக்கும் 3,200க்கு இல்லை. திரும்பப் போடு.

பொங்கோல்காரி | திங்கள் இரவு 10.01

1,391.45.